சீக்கிய மாதாஜிக்குத் தலை வாரும்போது உதிரும் கேசம்: எரிப்பதா, புதைப்பதா, ஆற்றில் விடுவதா?

வார்டு_விளக்கு:

வணக்கம். லூதியானாவில், அமிர்தம் பெற்ற, அதாவது தீட்சை எடுத்து வாழ்நாள் முழுக்க முடியை வெட்டாமல் காக்கும், ஒரு சீக்கிய மாதாஜியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறேன். எண்பது தாண்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு கை நடுங்குகிறது, பேச்சும் தெளிவாக வராது. காலை, மாலை இரண்டு வேளையும் நான்தான் தலை வாரிவிடுகிறேன். முடி இடுப்பு வரை இருக்கிறது.

கங்காவில், அதாவது சீக்கியர்கள் வைத்திருக்கும் சிறிய மரச்சீப்பில், சிக்கும் முடியை அவர் ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்திருக்கிறார். பை நிறைந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் "மரியாதையா செஞ்சிடுங்க" என்று மட்டும் சொல்கிறார்கள். எரிக்க வேண்டுமா, புதைக்க வேண்டுமா, ஆற்றில் விட வேண்டுமா? மூன்றாவது மாடி வீடு, கேஸ் அடுப்புதான், தோட்டம் கிடையாது. குளிக்கும்போது வடிகாலில் போகும் முடிக்கு என்ன செய்வது? இதற்கெல்லாம் எழுதிவைத்த விதி ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். தவறாக எதுவும் செய்துவிடக் கூடாது.

நீலப்பர்ணா:

சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

சீக்கியக் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-ல் ஏற்றுக்கொண்ட சிக் ரஹித் மரியாதாதான் இன்று பொதுவான நெறிநூல். அமிர்தம் பெற்றவர் செய்யவே கூடாத நான்கு குற்றங்களில் கேசத்தை அவமதிப்பதை அது முதலில் வைக்கிறது. அது சொல்வது வெட்டுவது, மழிப்பது, பிடுங்குவது போல மனமறிந்து செய்வதைத்தான். வாரும்போது தானாக உதிரும் முடியை எரி, புதை என்று அதில் எந்தக் கட்டளையும் இல்லை. உதிர்வது குற்றமே இல்லை. அதைக் குப்பையில் போடாமல், காலில் மிதிபடாமல் பார்த்துக்கொள்வது குடும்பங்களும் ஜத்தாக்கள் எனும் சீக்கியக் குழுக்களும் வழிவழியாகக் காத்துவரும் பழக்கம். அதனால்தான் வீட்டுக்கு வீடு முறை மாறுகிறது. பெரும்பாலும் தீ, சில வீடுகளில் மண், சில வீடுகளில் ஓடும் நீர்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று தோன்றலாம். தினமும் சொல்லும் அர்தாஸ் என்ற பிரார்த்தனையில், கேசத்தோடும் கடைசி மூச்சோடும் சீக்கியத்தைக் காத்தவர்களை நினைவுகூரும் வரி வருகிறது. 1745-ல் லாகூரில் கேசத்தை விட்டுக்கொடுக்க மறுத்ததால் மண்டைத்தோலோடு அது எடுக்கப்பட்ட பாய் தாரு சிங்கை நினைத்துக்கொண்டு அந்த வரியைச் சொல்லும் பெரியவர்கள் இவர்கள். கங்காவில் சிக்கும் ஒரு இழைகூட அவர்களுக்குச் சாதாரணமில்லை.

இனி வாரும் முறை. பழைய சீக்கியப் புலவர் பாய் நந்த்லாலின் பெயரில் வழங்கும் தன்காநாமா என்ற ஒழுக்க நூல் இரண்டு வேளையும் கங்கா போடச் சொல்கிறது, நீங்கள் செய்வது சரிதான். கை கழுவிவிட்டு உட்காருங்கள். வீட்டில் வேறு யாராவது உதவிக்கு வந்தால், புகையிலையோ குட்காவோ தொட்ட கையோடு கேசத்தைத் தொடவே கூடாது. மாதாஜியின் தோளிலிருந்து மடி வரை ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள். நரைத்த முடி வெள்ளையில் தெரியாது என்றால் கருநீலத் துணி. தரையில் விழுந்த முடியைத் தேடிப் பொறுக்கும் வேலை இதிலேயே பாதி குறைந்துவிடும்.

முடி உலர்ந்திருக்க வேண்டும். ஈர முடி இழுத்தால் நீளும், அப்புறம் அறுந்துவிடும். நடுவில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து தொடங்கி, நான்கு விரல் நான்கு விரலாக மேலே போங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பில் வாரினால் நடுவில் சிக்கு இறுகி, உதிர வேண்டாத முடியும் அறுந்து வரும். எவ்வளவு குறைவாக அறுகிறதோ அதுவே முதல் மரியாதை. சிக்கு அதிகமாக இருந்தால் அரை தேக்கரண்டி கடுகெண்ணெயோ பாதாம் எண்ணெயோ நுனியில் மட்டும் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். அகலப் பல் மரச்சீப்பால் சிக்கெடுத்த பிறகு கங்கா போடலாமா என்று மாதாஜியிடம் சைகையில் கேட்டுவிடுங்கள். சிலர் கங்கா தவிர வேறெதையும் ஏற்கமாட்டார்கள்.

வாரி முடித்ததும் கங்காவின் பற்களிலிருந்து முடியை எடுத்து விரலில் தளர்வாகச் சுற்றிப் பையில் போடுங்கள். நம் ஊரில் சிக்குமுடியைச் சுருட்டி எச்சில் துப்பி எறிவார்களே, அதைக் கை பழக்கத்தில்கூட இங்கே செய்துவிடாதீர்கள். பருத்திப் பை நல்லது, பிளாஸ்டிக் கவர் வேண்டாம். கொஞ்சம் ஈரம் தங்கினாலும் பூஞ்சை வாடை வந்துவிடும். பை அலமாரியின் மேல் தட்டில் இருக்கட்டும். வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அது என்னவென்று சொல்லிவையுங்கள். பெரும்பாலான வீடுகளில் பை குப்பைக்குப் போவது தெரியாமல் தூக்கிப் போடுவதால்தான்.

கேசி இஷ்னான் அன்று, அதாவது தலைக்குக் குளிக்கும் நாளில், முதலில் உலர்ந்த முடியை வாரிவிடுங்கள். உதிர வேண்டியதில் பெரும்பகுதி கையோடு வந்துவிடும். வடிகால் வாயில் நுண்கண் எவர்சில்வர் சல்லடை வையுங்கள். தயிரோ ரீட்டா எனப்படும் பூந்திக்கொட்டை நீரோ தேய்த்துக் குளிக்கும்போது உதிரும் முடி சல்லடையில் தங்கிவிடும். அதை வெறும் தண்ணீரில் அலசி, காகிதத்தில் பரப்பி, நிழலில் உலர்த்தி அதே பையில் சேருங்கள். கழிவறையில் போட்டு நீரூற்றக் கூடாது. அவமரியாதை என்பது ஒன்று, குழாய் வளைவில் சிக்கி அடைத்துக்கொள்வது இன்னொன்று.

வெட்டிவேர்:

எரிப்பது, புதைப்பது பற்றி நான் சொல்கிறேன். இரண்டிலும் அவசரப்பட்டால் கெடும்.

அளவு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளில் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. இரண்டு மூன்று அடி நீள முடி ஒன்று சுமார் 3, 4 மில்லிகிராம். மாதம் முழுக்கச் சேர்த்தாலும் 10 கிராமை ஒட்டித்தான் வரும். பார்க்கப் பெரிய பந்தாக இருக்கும், எடையே இருக்காது. மாதம் ஒருமுறை முடித்துவிடுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று சேர்த்தால் கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு இதையும் தின்ன வரும், இரண்டும் கெரட்டின்தானே. பையில் நாலு காய்ந்த வேப்பிலை போட்டால் கொஞ்சம் தடுக்கும், அதற்காக நாள் கடத்த வேண்டாம்.

எரிப்பது. கேஸ் அடுப்பில் வேண்டவே வேண்டாம். முடி தானாக நின்று எரியாது. தீயை விலக்கினால் சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகி அணைந்துவிடும். அந்தக் கசடு பர்னர் துளையில் ஒட்டினால் அடைத்துக்கொள்ளும், நீலச் சுடர் மஞ்சளாகும். முடியில் கந்தகம் அதிகம் என்பதால் வரும் நாற்றம் மூடிய சமையலறையில் சட்டென்று போகாது. படுக்கையில் இருக்கும் பெரியவருக்குச் செய்யும் மரியாதை அவருக்கே இருமலாகக் கூடாது.

மொட்டைமாடிக்கு அனுமதி வாங்குங்கள். பஞ்சாபில் எந்த இரும்புக்கடையிலும் தஸ்லா கிடைக்கும், கொத்தனார் கலவை அள்ளும் சட்டி. அடியில் இரண்டு அங்குலம் மணல். அதன்மேல் இரண்டு கைப்பிடி சுள்ளி அல்லது பருத்திமார். நன்றாகக் கங்கு விழும் வரை காத்திருங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எரியாத விறகின்மேல் முடியை வைத்துத் தீ மூட்டினால் மேல்பக்கம் கருகி, உள்ளே பாதி முடி அப்படியே நிற்கும். பிறகு அதைக் குச்சியால் கிளறுவதே பார்க்கச் சங்கடமாக இருக்கும். கங்கு சிவந்த பிறகு, பந்தை உதறித் தளர்த்தி, நெல்லிக்காய் அளவு அளவாக ஒவ்வொன்றாக வையுங்கள். எண்ணெய் தடவிய முடி குப்பென்று பற்றும், துப்பட்டா நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். 10 கிராமுக்குச் சில நிமிடம் போதும்.

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சூடமும் வேண்டாம். பற்றவைக்க வசதிதான், ஆனால் ரஹித் மரியாதா ஏற்காத தீப ஆரத்திச் சாயல் வந்துவிடும், மாதாஜி முகம் சுளிக்கலாம். மந்திரம், சடங்கு எதுவும் தேவையில்லை. "வாஹேகுரு" என்று சொல்லிக்கொண்டே வைப்பவர்கள் உண்டு. சாம்பல் முழுக்க ஆறிய பிறகு மணலோடு கலந்து செடியடியில் போடலாம்.

அக்டோபர், நவம்பரில் வைக்கோல் தாள் எரிப்பால் அங்கே காற்றே கனத்துப் போயிருக்கும். அந்த மாதங்களில் மண்ணுக்குக் கொடுங்கள்.

புதைப்பது. தோட்டம் இல்லாவிட்டால் பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்று போதும். அடியில் மூன்றில் ஒரு பங்கு மண், அதன்மேல் முடியை வலை போல மெல்லியதாகப் பிரித்துப் பரப்புங்கள், மேலே ஒரு பிடி மட்கிய எரு, அப்புறம் மீதி மண். பந்தாகவே வைத்தால் பாய் மாதிரி இறுகி, தண்ணீர் கீழே இறங்காமல் வேர் அழுகும். முடி மெதுவாகத்தான் மட்கும். ஈரம் இருந்தால் பல மாதம், உலர்ந்த மண்ணில் இரண்டு வருடத்துக்கு மேலும் ஆகும். அதனால் இரண்டு மூன்று தொட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தழைச்சத்து எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, செடிக்கு நல்லதுதான்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சீக்கிரம் மட்க வேண்டும் என்றால் முடியைக் கத்தரித்துப் போடு என்று தோட்டக் குறிப்புகள் சொல்லும். இங்கே அதைச் செய்யாதீர்கள். வாழ்நாள் முழுக்கக் கத்தரி படாத கேசம் அது. உதிர்ந்த பிறகும் கையால்தான் பிரிக்க வேண்டும்.

நிலத்தில் புதைப்பதென்றால் ஒரு முழ ஆழம். எண்ணெய் வாசனைக்கு நாய் தோண்டும், மேலே ஒரு கல் வையுங்கள்.

ஆற்றில் விடுவது. லூதியானாவில் இதை நான் சொல்லவே மாட்டேன். புட்டா நாலாவில் ஓடுவது ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும். அதில் விடுவது குப்பையில் போடுவதைவிட எந்த விதத்தில் மேல்? சித்வான் கால்வாயில் ஏற்கெனவே பாலிதீன் பையோடு பூஜைப் பொருளை எறிகிறார்கள். முடி கரையாது, பறவைக் காலிலும் மதகு வலையிலும் சுற்றிக்கொள்ளும். தண்ணீரில்தான் சேர வேண்டும் என்று குடும்பம் சொன்னால் முதலில் எரித்து, சாம்பலைச் சத்லஜ் ஆற்றில் விடுங்கள்.

சத்லஜ்கரை:

மேலே சொன்ன செய்முறையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சகோதரி "தவறாக எதுவும் செய்துவிடக் கூடாது" என்று எழுதியதில் ஒரு பயம் தெரிகிறது. அதைப் போக்க வேண்டும்.

பஞ்சாபின் கிராமங்களில் உதிர்ந்த முடியை மறைப்பதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். யாராவது எடுத்து ஜாதூ டோனா, அதாவது ஏவல் சூனியம் வைத்துவிடுவார்கள் என்று. இது குருமத்தில், அதாவது குருக்கள் போதித்த நெறியில், இல்லாதது. ரஹித் மரியாதாவே மந்திரம், தந்திரம், சகுனம், நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாவற்றையும் நம்ப வேண்டாம் என்கிறது. பயத்தால் எரிப்பதும் மரியாதையால் எரிப்பதும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டையும் கலக்காதீர்கள்.

இரண்டு இழை துடைப்பத்தோடு போய்விட்டால் பரிகாரம் எதுவும் கிடையாது. தலையணையில் ஒட்டியதை ஒட்டுநாடா வைத்து எடுக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. உதிர்ந்ததை எடுத்துக்கொண்டு கீரத்பூர் சாஹிப் போகவும் வேண்டாம். அங்குள்ள பாதாள்புரி குருத்வாராவில் மக்கள் கரைப்பது இறந்தவரின் அஸ்தியை. அதற்குக்கூட, சாம்பலை ஓடும் நீரில் விடலாம், அல்லது எரித்த இடத்திலேயே புதைத்துச் சமன் செய்யலாம் என்றுதான் ரஹித் மரியாதா சொல்கிறது. அதேபோல, கோயிந்த்வால் சாஹிபில் சீக்கியர் மறைநூலான குரு கிரந்த சாஹிபின் பழைய பிரதிகளை மரியாதையோடு எரிக்கும் அக்னி சேவையோடு இதைச் சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. அதன் நிலை வேறு, இங்கே பொருந்தாது.

தெருவில் சிக்குமுடிக்குப் பாத்திரம், ஊசி, பலூன் கொடுப்பவர்கள் அங்கேயும் வருவார்கள். பையைப் பார்த்தால் கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். அது சவுரிக்குப் போகும் வியாபாரம். இந்தத் திரியில் மன்னிப்பே இல்லாத தவறு என்று நான் எதையாவது சொன்னால் அதுதான்.

நீலப்பர்ணா:

பயம் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் தலையணை முடியை விட்டுவிடலாம் என்பதை மாதாஜி முடிவு செய்யட்டும், நாம் வேண்டாம். பேச முடியாதவரின் வழக்கத்தை அவர் வைத்திருந்த அளவிலேயே வைப்பதுதான் பராமரிப்பு. அந்தப் பழைய பையைத் திறந்து பாருங்கள். சின்னச் சின்ன இழைகூடச் சுற்றி வைத்திருந்தால் அவர் எடுத்த கவனம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எரிக்கும் முன் பையைக் காட்டி, தீப்பெட்டியையும் ஒரு தொட்டியையும் காட்டுங்கள். கை நீட்டிச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, கங்காவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாதீர்கள். மரம் ஊதிப் பல் பிளக்கும், பிளந்த பல் முடியை அறுக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உலரத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். பல் உடைந்தால் புதியது வாங்கிக்கொடுத்துவிட்டு, பழையதையும் அதே தஸ்லாவில் கேசத்தோடு சேர்க்கலாம்.

வார்டு_விளக்கு:

எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் காட்டினேன், தொட்டியைத் தொட்டார். ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. அடுத்த மாதம் மூட்டு மாற்று அறுவை இருக்கிறது. காலில் உள்ள ரோமத்தை மழிப்பார்களே, அமிர்தம் பெற்றவர் என்பதால் என்ன செய்வது? தலையில் என்ன கவனிக்க வேண்டும்?

தையல்_எண்_3:

தோழி, இதை இப்போதே அறுவை மருத்துவரிடம் பேசுங்கள். அன்று காலை வார்டில் பேசினால் நேரம் இருக்காது.

பல இடங்களில் மழிப்பது பழைய பழக்கத்தால்தான். உலக சுகாதார நிறுவனம் அறுவைப் புண் தொற்றைத் தடுக்க 2016-ல் வெளியிட்ட வழிகாட்டி, ரோமத்தை எடுக்கவே வேண்டாம், கட்டாயம் தேவைப்பட்டால் கிளிப்பரால் மட்டும், சவரக்கத்தி எந்த நேரத்திலும் கூடாது என்கிறது. சவரம் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், அதில் கிருமி சேரும். எனவே "மத நம்பிக்கைக்காக விட்டுக்கொடுங்கள்" என்று கெஞ்ச வேண்டியதில்லை. "எடுக்காமலே செய்ய முடியுமா டாக்டர்?" என்று மருத்துவக் காரணத்தையே சொல்லிக் கேளுங்கள். எண்பது வயதுப் பெண்ணின் காலில் ரோமம் பெரும்பாலும் மிகக் குறைவு, பலர் சம்மதித்துவிடுவார்கள். சம்மதித்தால் ஒப்புதல் படிவத்திலும் கேஸ் ஷீட்டிலும் "ரோமம் எடுக்கக் கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் இரவுப் பணி நர்ஸ் வரை போய்ச் சேராது.

தலையில் எதையும் எடுக்க வேண்டியதில்லை. பின்கொண்டை மட்டும் கூடாது. மயக்கத்தில் மணிக்கணக்காக அதன்மேல் தலை அழுந்தினால் தோல் புண்ணாகும், அந்த இடத்தில் முடியும் கொட்டும். தளர்வாகப் பின்னி ஒரு பக்கமாகக் கொண்டுவந்து, ஊக்கு, கிளிப் எல்லாம் எடுத்துவிட்டு, சுத்தமான துணி கட்டி, அதன்மேல் அறுவைத் தொப்பி. கங்கா மரமானால் பின்னலில் செருகியே விடலாமா என்று மயக்க மருத்துவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் துணியில் முடிந்து தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள். கச்சேராவை, அதாவது அமிர்தம் பெற்றவர்கள் எப்போதும் அணியும் உள்ளாடையை, முழுதாகக் கழற்ற அவர் ஒப்பமாட்டார். அறுவை இல்லாத காலில் மாட்டியபடி விடலாமா என்று அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மருத்துவர் கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்றால், கிருமிநாசினி பூசுவதற்கு முன்பு, உலர்ந்த தோலில், காலடியில் ஒரு சுத்தத் துணி விரித்துக் கிளிப்பர் போடச் சொல்லுங்கள். ரத்தம் படாத அந்த ரோமத்தைத் துணியோடு மடித்து உங்களிடம் தரச் சொல்லி முன்பே கேட்டுவையுங்கள். கேட்காவிட்டால் மற்ற கழிவோடு போய்விடும்.

நீலப்பர்ணா:

கிளிப்பர் போட நேர்ந்தால் அருகிலுள்ள குருத்வாராவில் முன்னதாக ஒரு அர்தாஸ் செய்யச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அறுவை முடிந்து தேறிய பிறகு, மாதாஜி விரும்பினால் பஞ்ச் பியாரே எனப்படும், அமிர்தம் பெற்ற ஐவரிடம் நடந்ததைச் சொல்லலாம். அமிர்தம் பெற்றவர்களுக்கு அதுவே முறை. உயிர் காக்கவும் நடமாடவும் வேண்டிச் செய்த சிகிச்சை என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அவர் சார்பில் நீங்களோ நாங்களோ தீர்ப்பு சொல்ல வேண்டாம். துணியில் மடித்து வந்ததை வீட்டிலுள்ள அதே தொட்டியில் சேருங்கள்.